கால் முறிந்த குதிரையும் கருணையின் கடமையும்



கால் எலும்பு முறிந்த குதிரைக்குத் துப்பாக்கிக் குண்டே மருந்து என்னும் பேச்சு உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மனிதன் கால் முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு சில மாதங்களில் எழுந்து நடக்கிறான். நாயும் பூனையும் மூன்று கால்களால் நொண்டியேனும் உயிர் பிழைக்கின்றன. குதிரை ஒன்றற்கு மட்டும் இக்கொடிய விதி ஏன் வந்தது? இப்பேச்சு முற்றும் உண்மையா, பாதி உண்மையா, அன்றி மனிதர் தம் கைச்செலவுக்கு அஞ்சிக் கூறும் சாக்கா? முதற் சீலத்தை மேற்கொண்டுள்ள நாம் இவ்வினாவைக் கேளாதவர் போல் கடந்து செல்லலாகாது. உயிர் கொல்லேன் என்று வாயாற் சொல்லுதல் எளிது. ஓர் உயிரைக் காப்பது எவ்வாறு என்று கற்றறிதலே அரிது. ஆதலின் இம்மாதப் பாடத்தில் இதனை முறையாக ஆராய்வோம்.

1. குதிரைக் காலின் அமைப்பு

முதலாவதாக, அக்காலின் இயல்பை அறிதல் வேண்டும். குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று கூறுவது உண்மையில் மனிதனின் மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்குக் கீழேயுள்ள நீண்ட எலும்பு நமது உள்ளங்கையிலுள்ள நடுவிரல் எலும்பிற்கு ஒப்பானது. குளம்போ ஒரே விரலின் நகம். அதாவது, ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள ஓர் உடல் நான்கு விரல்களின் நுனியில் நிற்கிறது. அவ்வெடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்கால்களின் மேலேயே விழுகிறது. விரைந்தோடும்போது ஒரு கணம் முழு உடலும் ஒரே காலின் மேல் நிற்பதும் உண்டு.

இரண்டாவதாக, அம்முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை எனலாம். எலும்பும் நரம்புநாரும் தோலும் மட்டுமே உள்ளன. தசை இன்மையால் முறிந்த எலும்பைச் சுற்றி மெத்தைபோல் தாங்குவதற்கு ஒன்றுமில்லை. குருதி ஓட்டமும் குறைவு. குருதி குறைந்த இடத்தில் எலும்பு ஒட்டுவது தாமதமாகும். முறிந்த எலும்பின் கூர்முனை மெல்லிய தோலை எளிதில் கிழித்துவிடும். தோல் கிழிந்தால் மண்ணும் கிருமியும் எலும்பிற் சேரும். அதன்பின் பிழைப்பது மிகக் கடினமாகிறது.

மூன்றாவதாக, குதிரை படுத்த படுக்கையாகக் கிடந்து நோய் தீரும் விலங்கன்று. மேய்ச்சல் வெளியில் வேங்கைக்கும் ஓநாய்க்கும் அஞ்சி வாழ்ந்த இனமாதலின், நின்றபடியே உறங்கும் அமைப்பை அது பெற்றிருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திற்காகச் சிறிது நேரமே படுக்கும். நாட்கணக்கில் படுத்திருந்தால் அதன் சொந்த எடையே அதன் தசைகளை நசுக்கும். நுரையீரலும் குடலும் கெடும். தோலில் புண் வைக்கும். ஆகவே நோயுற்ற குதிரை நின்றேயாக வேண்டும். நிற்பதற்கோ கால் வேண்டும்.

நாலாவது இடர்தான் யாவற்றினும் கொடியது. முறிந்த காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குதிரை மற்றக் காலின் மேல் பாரத்தைப் போடுகிறது. குளம்பின் உள்ளே, குளம்புச் சுவரையும் அதனுள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய இதழ்கள் போன்ற திசுக்கள் உண்டு. பாரம் மாறி மாறி ஏறியும் இறங்கியும் வந்தால்தான் அவற்றில் குருதி நன்கு பாயும். இடைவிடாமல் பாரம் நின்றால் அவ்விதழ்கள் வாடிப் பிரிகின்றன. இதனையே குளம்பழற்சி என்பர். முறிந்த கால் தேறி வருகையில் நல்ல கால் கெட்டுப்போவது இவ்வாறுதான்.

பஞ்சாலையில் பாடுபட்ட தோழர்களுக்கு இதை ஓர் உவமையாற் கூறுவோம். ஆலையில் ஓர் அச்சு முறிந்தால் இயந்திரத்தை நிறுத்துகிறோம். அச்சைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறோம். பொருத்திய பின்னரே ஓட்டுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அச்சை, அதை நிறுத்தாமலே ஒட்ட வேண்டும் என்றால் என் செய்வோம்? குதிரை வைத்தியர் எதிர்கொள்ளும் இடர் இத்தகையதே.

2. முதல் ஒரு மணி நேரம்

இனி, உதவும் முறையைக் காண்போம். குதிரையின் கதியைப் பெரிதும் தீர்மானிப்பது முறிவு நேர்ந்த பின் கழியும் முதல் ஒரு மணி நேரமே. அவ்வேளையில் அருகில் இருப்பவர் வைத்தியர் அல்லர். லாயக்காரரோ வண்டிக்காரரோ வழிப்போக்கரோதான். ஆதலின் இப்பகுதியை எல்லோரும் நினைவிற் கொள்ளல் நன்று.

குதிரை திடீரெனக் காலை ஊன்ற மறுத்தாலும், கால் கோணலாகத் தொங்கினாலும், வீங்கி வலித்தாலும், உடனே அதனை நிற்கும் இடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். நடத்திப் பார்த்து அறிவோம் என்று ஓர் அடியும் நடத்தலாகாது. தலையைப் பிடித்து மெல்லிய குரலிற் பேசி அமைதிப்படுத்துக. முடிந்தால் அதற்குப் பழக்கமான ஒருவரும் பழக்கமான மற்றொரு குதிரையும் அருகில் நிற்கட்டும். குதிரை கூட்டமாக வாழும் உயிர். தனிமை அதன் அச்சத்தை மிகுவிக்கும். கால்நடை வைத்தியருக்கு உடனே ஆளனுப்புக. வலி மருந்தும் மயக்க மருந்தும் அவர் கையாலேயே கொடுக்கப்படல் வேண்டும். மயக்கம் மிகுந்தால் குதிரை தள்ளாடி முறிந்த காலை ஊன்றிவிடும்.

காயம் இருப்பின் தூய துணியால் மூடுக. அடுத்து, பஞ்சை அடுக்கடுக்காகச் சுற்றி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் துணிப்பட்டையை இறுகவும் சீராகவும் சுற்றுக. அதன் மேல் பலகையோ, மூங்கிற் பத்தையோ, நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயோ வைத்துக் கட்டுக. இதில் மறவாது காக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: முறிந்த இடத்திற்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் ஆகிய இரண்டும் அசையாதபடி கட்டு அமைய வேண்டும். முறிவின் நடுவே முடியும் கட்டு, கட்டாமையினும் கேடு தரும். அது நெம்புகோலாகி முறிவை அகலப்படுத்தும்.

முன்காலின் குளம்பை ஒட்டிய பகுதியில் முறிவு இருப்பின், குளம்பின் நுனி தரையை நோக்குமாறு குதிகாலை உயர்த்தி, காலின் முன்பக்கத்தில் பத்தையை வைத்து முழங்கால் வரை கட்டுவர். அவ்வாறு செய்தால் எலும்புகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பு முறிந்தால் தரையிலிருந்து முழங்கை வரை, பின்புறத்தும் வெளிப்புறத்தும் இரண்டு பத்தைகள் வேண்டும். முழங்காலுக்கு மேல் முறிந்தால் வெளிப்புறப் பலகை தோள் வரை நீள வேண்டும். இல்லையேல் கால் வெளியே வீசப்பட்டு, எலும்பு உட்பக்கத் தோலைக் கிழிக்கும்.

வண்டியில் ஏற்றும்போது முன்கால் முறிந்த குதிரையைப் பின்பக்கம் நோக்கி நிறுத்துக. பின்கால் முறிந்ததை முன்பக்கம் நோக்கி நிறுத்துக. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கையில் பாரம் நல்ல கால்களின் மேல் விழுவதற்கே இவ்வேற்பாடு. தாழ்ந்த சாய்பலகையும், சாய்ந்து நிற்பதற்கு இருபுறமும் தடுப்பும் இருத்தல் வேண்டும்.

3. வைத்தியரின் பணி

எல்லா முறிவும் ஒன்றல்ல. ஒளிப்படம் எடுத்துப் பார்த்தாலன்றி எவரும் தீர்ப்புக் கூறலாகாது. எலும்பில் விரிசல் மட்டும் விழுந்து, துண்டுகள் இடம் பெயராதிருப்பின் திருகாணிகளால் இறுக்கி நன்கு குணப்படுத்துகின்றனர். அத்தகைய குதிரைகள் சில மீண்டும் ஓடுவதும் உண்டு. குளம்பினுள்ளிருக்கும் எலும்பு முறிந்தால், குளம்புச் சுவரே கட்டுப்போல் தாங்க, தனிவகை லாடம் அடித்து மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்துத் தேற்றுகின்றனர். எடை குறைந்த குட்டிகளுக்கு எலும்பு விரைவில் ஒட்டும். ஆனால் வளர்ந்த குதிரையின் தொடை எலும்போ முழங்காலுக்கு மேலுள்ள பெரிய எலும்போ முற்றாக முறிந்து இடம் பெயர்ந்தால் நம்பிக்கை மிகவும் குறைவு. எலும்பு பல துண்டுகளாக நொறுங்குதலும், தோல் கிழிதலும், குருதிக் குழாய் அறுதலும் நம்பிக்கையைக் குறைப்பனவே.

அறுவைச் சிகிச்சையில் உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் பொருத்தி, அதன் மேல் மாவுக்கட்டு இடுவர். அறுவையினும் அஞ்சத்தக்கது மயக்கம் தெளியும் வேளை. கண் விழித்த குதிரை தான் எங்கே கிடக்கிறோம் என்று அறியாது, ஓடி எழ முயல்கிறது. ஒட்டிய எலும்பு அந்நொடியிலேயே மறுபடி முறியக்கூடும். அதனால் மெத்தை பதித்த அறையில் தலையிலும் வாலிலும் கயிறு கட்டித் தாங்கி எழுப்புகின்றனர். சில வைத்தியசாலைகளில் தூக்கு வாரால் தூக்கி நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு மயக்கம் தெளிவிக்கின்றனர்.

4. மூன்று குதிரைகளின் வரலாறு

இவற்றை மெய்ப்பிக்கும் மூன்று வரலாறுகளைக் கூறுவோம். குதிரைப் பந்தயத்தைப் போற்றுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. உயிர்களை வேகத்திற்காகவும் பணத்திற்காகவும் ஓட்டுவதன் விலை யாது என்பதையும், அதே உயிர்களுக்காக மனிதர் எத்துணை உழைக்க வல்லவர் என்பதையும் இவை ஒருங்கே காட்டுகின்றன.

முதலாவது, ரஃபியன் என்னும் அமெரிக்கப் பெண்குதிரை. ஓடிய 10 பந்தயங்களிலும் வென்றது. 1975ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் நியூயார்க்கின் பெல்மான்ட் திடலில் இரு குதிரைகளுக்கு மட்டும் நடந்த போட்டியில் அதன் வலது முன்கால் முறிந்தது. வைத்தியர்கள் அறுவை செய்து கட்டிட்டனர். மயக்கம் தெளிகையில் அக்குதிரை படுத்தபடியே ஓடுவதுபோல் கால்களை உதைத்துக் கட்டையும் காலையும் கெடுத்துக்கொண்டது. மறுநாள் அதன் உயிர் போக்கப்பட்டது. அறுவை முடிந்தும் குதிரை தப்பவில்லை.

இரண்டாவது, மில் ரீஃப். 1971ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் கிங்ஸ்கிளேர் என்னும் ஊரில் பயிற்சி ஓட்டத்தின்போது அதன் இடது முன்கால் முறிந்தது. உலோகத் தகடு வைத்து அறுவை செய்தனர். அக்குதிரை இயல்பிலேயே சாந்தமானது. கட்டுடன் பொறுமையாக நின்றது. அது மீண்டும் பந்தயம் ஓடவில்லை. ஆயினும் பிழைத்தெழுந்து, குட்டிகளுக்குத் தந்தையாகி, 1986ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. அதன் குட்டிகளில் ஷர்லி ஹைட்ஸ் 1978லும், ரெஃபரன்ஸ் பாயின்ட் 1987லும் அதே டெர்பியை வென்றன. கால் முறிந்த அன்றே அதன் உயிரைப் போக்கியிருந்தால் அப்பதின்மூன்று ஆண்டு வாழ்வு ஏது?

மூன்றாவது, பார்பரோ. 2006ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற மூன்று வயதுக் குதிரை. இரண்டு வாரங்கழித்து, மே 20ஆம் நாள் பால்டிமோர் நகரில் நடந்த பந்தயத்தில், ஓட்டம் தொடங்கிய சிறிது தூரத்திலேயே அதன் வலது பின்கால் முறிந்தது. சவாரி செய்த எட்கர் பிராடோ உடனே அதனை இழுத்து நிறுத்திக் கீழே குதித்து, உதவி வரும்வரை பிடித்துக்கொண்டார். திடலிலேயே சிம்பு வைத்துக் கட்டினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் கால்நடை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். எலும்பு 20க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது. மறுநாள் டீன் ரிச்சர்ட்சன் என்னும் அறுவை வைத்தியர் ஏறத்தாழ 5 மணி நேரம் உழைத்து, ஒரு தகட்டையும் 27 திருகாணிகளையும் பொருத்தினார். பிழைப்பதும் பிழையாததும் சரிபாதி என்று வெளிப்படையாகக் கூறினார். நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு மயக்கம் தெளிவித்தனர். குதிரை தீங்கின்றி எழுந்தது.

ஜூலை மாதத்தில், நாம் முன்னே கூறிய கேடு வந்தது. நல்ல காலாகிய இடது பின்காலில் குளம்பழற்சி பற்றியது. குளம்புச் சுவரின் பெரும்பகுதியை வெட்டி அகற்ற நேர்ந்தது. ஆயினும் மாதக்கணக்கில் பேணினர். நவம்பரில் வலது காலின் கட்டு அவிழ்க்கப்பட்டது. முறிந்த எலும்பு சேர்ந்திருந்தது. நாட்டு மக்கள் கடிதங்களும் ஆப்பிளும் கேரட்டும் அனுப்பினர். ஜனவரியில் நிலை மறுபடி கெட்டு, முன்கால்கள் இரண்டிலும் அழற்சி பரவியது. நிற்க ஒரு காலும் இல்லாமற்போயிற்று. குதிரை துன்பமின்றி இருக்கும்வரை போராடுவோம் என்று தொடக்கம் முதலே கூறி வந்த உடைமையாளர்கள், 2007ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அதன் துன்பத்தை முடிக்க இசைந்தனர். அதன் பெயரால் எழுந்த நன்கொடை குளம்பழற்சி ஆராய்ச்சிக்குப் பயன்படலாயிற்று.

5. நாள்தோறும் பேணும் முறை

வைத்தியர் தம் பணியை முடித்த பின் தொடங்குவது பேணுவோரின் நீண்ட பணி. புகழ் இல்லாத பணியும் அதுவே. அதன் கூறுகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, இடம். வழுக்காத தரையும், ஆழமாகப் பரப்பிய வைக்கோலும், காற்றோட்டமும் உடைய சிறிய லாயம் வேண்டும். ஈரமும் சாணமும் நாள்தோறும் அகற்றப்படல் வேண்டும்.

இரண்டாவது, உணவு. உழைப்பற்றிருக்கும் குதிரைக்குக் கொள்ளும் தானியமும் குறைத்து, நல்ல புல்லையே பெரிதும் கொடுக்க வேண்டும். எப்பொழுதும் தண்ணீர் இருக்கட்டும். திடீரென உணவை மாற்றலாகாது. குடல் வலி வந்து உருண்டால் கால் மறுபடி முறியும். சாணம் எத்தனை முறை இடுகிறது என்பதையும் எண்ணி எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டு. கட்டின் மேல் வெப்பமோ, ஈரமோ, நாற்றமோ, ஈக்கள் மொய்ப்பதோ காணின் உள்ளே புண் உண்டென்று கொள்க. நேற்று ஊன்றிய காலை இன்று ஊன்ற மறுப்பின் மாலைவரை காத்திராமல் வைத்தியரை அழைக்க வேண்டும்.

நான்காவது, நல்ல கால். பலரும் முறிந்த காலையே பார்த்து மற்றக் காலை மறந்துவிடுகின்றனர். நல்ல காலின் குளம்பு சூடாயிருக்கிறதா, குளம்புக்கு மேலே நாடி துள்ளுகிறதா என்று நாள்தோறும் கைவைத்துப் பார்க்க வேண்டும். அடிக்குளம்பிற்கு மெத்தென்ற தாங்கல் கட்ட வேண்டும்.

ஐந்தாவது, காலம். வளர்ந்த குதிரைக்கு எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும். முதலில் லாய ஓய்வு; பின் கயிறு பிடித்துச் சில நிமிட நடை; பின் சிறிது சிறிதாக மிகுத்தல். குதிரை துள்ளுவது கண்டு மகிழ்ந்து முன்னதாக அவிழ்த்துவிட்டால் மாதங்களின் உழைப்பு ஒரு நொடியில் அழியும்.

ஆறாவது, துணை. மற்றொரு குதிரையோ ஓர் ஆடோ கண்ணுக்குத் தெரியும்படி அருகிலிருந்தால் நோயுற்ற குதிரை அமைதியுறும்.

6. கொல்லாமையும் துன்பம் நீக்குதலும்

இனி வினாவின் உட்பொருளுக்கு வருவோம். தேற வழியே இல்லாத குதிரையை வைத்தியர் மருந்தால் துயிலச் செய்து முடிப்பது தகுமா? இதில் நம்மவரிடையே இருவகைக் கருத்து உண்டு. எக்காரணத்தாலும் உயிர் போக்கலாகாது என்பர் ஒரு சாரார். விநயமும் துறவியர்க்கு விலங்கைக் கொல்லுதல் குற்றம் என்றே விதிக்கிறது. தீராத வேதனையை நீட்டித்தல் கருணையாகாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் கருணையையே நாடுகின்றனர் என்பதை மறத்தலாகாது.

நாம் கூறுவது இது. அவ்வினாவிற்கு வருமுன் வேறு மூன்று வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். ஒளிப்படம் எடுத்து அறிந்தவர் ஒருவர், தேற வழியில்லை என்று கூறினாரா? வலியைத் தணிக்க மருந்து கொடுத்துப் பார்த்தோமா? முடிக்க எண்ணுவது குதிரையின் துன்பத்தையா, நமது செலவையும் தொல்லையையுமா? மூன்றாம் வினாவிற்குத் தன் நெஞ்சறிய விடை கூறாதவன் கருணை என்னும் சொல்லை வாயால் எடுக்கலாகாது. உழைத்த காலமெல்லாம் வாங்கிக்கொண்டு, உடல் முறிந்த நாளில் இனி உதவாது என்று தள்ளும் வழக்கத்தை உழைப்பாளிகளாகிய நாம் நன்கு அறிவோம். நமக்கு இழைக்கப்பட்டபோது அநீதி என்றோம். வாயில்லா உயிருக்கு நாம் இழைத்தாலும் அதன் பெயர் அதுவே.

அசோக மாமன்னரின் இரண்டாவது பெரும்பாறைச் சாசனம் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் என இருவகை மருத்துவ ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. அவ்வேற்பாடு சென்ற எல்லை நாடுகளுள் சோழரும் பாண்டியரும் பெயர் சுட்டப்பெறுகின்றனர். மருந்து மூலிகை இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததும் அதிற் சொல்லப்படுகிறது. இரக்கத்தை உள்ளத்தோடு நிறுத்தாமல் மூலிகையாகவும் கிணறாகவும் நிழல் மரமாகவும் ஆக்கிய நெறி அது. நம் காலத்தில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், காயமுற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. திருமண ஊர்வலத்திலோ கடற்கரையிலோ நொண்டும் குதிரை மேல் ஆளேற்றக் கண்டால், அன்போடும் உறுதியோடும் தடுத்து, கால்நடை வைத்தியசாலைக்குச் சொல்லியனுப்புவது நம் ஒவ்வொருவர்க்கும் இயலும் செயல்.

7. தொகுப்புரை

கால் முறிந்த குதிரைக்குக் குண்டே மருந்து என்பது முழு உண்மையன்று. சில முறிவுகள் தீரா, பல தீரும். தீருவதும் தீராததும் முறிவின் இடத்தாலும் வகையாலும், முதல் ஒரு மணி நேரத்துச் செயலாலும், பின்வரும் மாதங்களின் பொறுமையாலும் அமைகின்றன. முறிவின் இடம் நம் கையில் இல்லை. மற்றவை நம் கையில் உள்ளன. அவற்றைக் கற்றலே இப்பாடத்தின் பயன்.

ஞாயிறு வகுப்பில் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்:

1. குதிரை படுத்தபடியே நோய் தீர இயலாமைக்குக் காரணங்கள் யாவை?
2. முறிந்த காலுக்குக் கட்டிடுகையில் காக்க வேண்டிய முதல் விதி யாது? ஒருவர் காலில் பஞ்சும் பத்தையும் கொண்டு கட்டிக் காட்டுக.
3. பார்பரோவின் முறிந்த எலும்பு சேர்ந்த பின்னும் அது பிழையாதது ஏன்?
4. துன்பத்தை முடிப்பதற்கும் தொல்லையை முடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அனுபவத்திலிருந்து விளக்குக.